ஃபிளாஷ் (1996–2020)

பிரவுசரில் கார்ட்டூன்கள் ஓட்டிய ஃபிளாஷ் பிளேயரை 2020 டிசம்பர் 31 அன்று அடோபி கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல், ஏற்கெனவே கணினிகளில் இருந்த பிளேயரும் படம் ஓட்ட மறுத்தது. அது கொரோனா காலம். வீட்டுக்கு வீடு பெரிய சாவுகள் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மென்பொருளுக்காக யார் அழுவார்கள்? ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பிரவுசிங் சென்டர்களில் வளர்ந்தவர்கள் அதற்கு ஒரு அஞ்சலி செலுத்தியாக வேண்டும்.

ஜோனதன் கே என்பவரும் அவர் கூட்டாளிகளும் உருவாக்கிய 'ஃபியூச்சர்ஸ்பிளாஷ்' 1996இல் வெளிவந்தது. மேக்ரோமீடியா அதை வாங்கி ஃபிளாஷ் என்று பெயர் வைத்தது. 2005இல் அது அடோபியின் கைக்குப் போனது. மோடம் கூவிக் கூவி இணைப்பு கிடைத்த நாட்கள் அவை. ஃபிளாஷ் படத்தைப் புள்ளி புள்ளியாக அனுப்பாது; இங்கே ஒரு வட்டம், அங்கே ஒரு கோடு என்று கணக்கை மட்டும் அனுப்பும். அதனால்தான் வீடியோ திக்கித் திணறிய இணைப்பில்கூட கார்ட்டூன் ஓடியது.

சீனாவின் ஜூ ஜிச்சியாங் வரைந்த 'சியாவ் சியாவ்' குச்சி மனிதர்களை அந்த பிரவுசிங் சென்டர்களில்தான் பார்த்தோம். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கும் கைகால்களுக்கும் சில கோடுகள். அதை வைத்துக்கொண்டு ஒரு முழு சண்டைப் படமே எடுத்துவிட்டார் மனிதர். 2003இல் இங்கிலாந்தின் ஜோன்டி பிக்கிங், வளைக்கரடிகள் குதித்துக்கொண்டே இருக்கும் ஒரு படம் போட்டார். கதை கிடையாது, முடிவும் கிடையாது. பக்கத்து சீட்காரரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

இவ்வளவுதான் என்றால் நம்மாலும் முடியுமே என்று தோன்றியது. ஆவடி டாங்க் ஃபேக்டரியிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு அனிமேஷன் என்றால் அதுவரை டிவியில் வருவது, வேறு யாரோ செய்வது. படம் செய்யும் ஃபிளாஷ் மென்பொருளைத் திறந்தால் 550க்கு 400 பிக்சலில் ஒரு வெள்ளைப் பரப்பும் நொடிக்கு 12 பிரேமும் காத்திருந்தன. முதல் பிரேமில் ஒரு ஆள், இருபதாவது பிரேமில் அதே ஆள் வேறு இடத்தில். நடுவில் வர வேண்டிய அசைவை ட்வீன் என்ற வசதி பார்த்துக்கொள்ளும். ஃபுட்போர்டில் தொங்கும் குச்சி மனிதன் பஸ் திரும்பும்போது விழ வேண்டும். உடனே விழுந்தால் யாரும் சிரிப்பதில்லை. மூன்று பிரேம் அந்தரத்தில் நிறுத்திவிட்டு விழவைத்தால் சிரிக்கிறார்கள். சிரிப்புக்கு அழகான ஓவியத்தைவிட அந்த மூன்று பிரேம்தான் முக்கியம். டிராயிங் வாத்தியார் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. இன்றுவரை எழுதும்போதும் எங்கே நிறுத்துவது என்பதை அந்தக் கணக்கில்தான் முடிவு செய்கிறேன்.

தமிழுக்கு ஃபிளாஷ் செய்த உதவியை யாரும் பேசுவதில்லை. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வெறும் கட்டங்களாகவும் கிறுக்கல்களாகவும் தெரிந்த காலம் அது. ஃபிளாஷில் தமிழை அடித்து, கன்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்தி எழுத்துகளை வடிவங்களாக உடைத்துவிட்டால் போதும். எந்த ஊர்க் கணினியிலும் குச்சி மனிதன் சுத்தத் தமிழில் பேசினான்.

ஃபிளாஷின் சாவுக்குக் காரணங்கள் உண்டு. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க அடைக்கப் புதியவை வந்தன. ஐபோன் அதை உள்ளே விடவே இல்லை. ஏன் என்று 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு கடிதமே எழுதினார். அவர் அடுக்கிய காரணங்களில் பலவும் நியாயம்தான். ஆனால் வரைவது, அசைப்பது, பட்டன் வைப்பது, ஒரே சின்னக் கோப்பாக நண்பனுக்குக் கொடுப்பது என எல்லாவற்றையும் ஒரே ஜன்னலுக்குள் வைத்திருந்த அந்த எளிமைக்கு ஈடாக வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

இன்டர்நெட் ஆர்கைவ் 2020 நவம்பர் முதல் 'ரஃபிள்' என்ற மென்பொருளின் துணையோடு பழைய ஃபிளாஷ் படங்களை ஓட்டிக் காட்டுகிறது. உலகப் புகழ் பெற்றவை பிழைத்துக்கொள்ளும். திருமுல்லைவாயலிலோ குமணன்சாவடியிலோ மல்டிமீடியா கோர்ஸ் படித்தவர்கள் செய்தவை சிடிக்களில் கிடக்கின்றன, சிடிக்கள் கெட்டுக்கொண்டிருக்கின்றன. உங்கள் அலமாரியில் ஒன்று இருந்தால், அதில் எஸ்.டபிள்யூ.எஃப். என்று முடியும் கோப்புகளைத் தேடி எடுத்து இந்த வாரமே ஆர்கைவில் ஏற்றிவிடுங்கள்.