தாம்பரம் ரயில் நிலையம்

தாம்பரம் ரயில் நிலையம், சென்னை எழும்பூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அமைந்துள்ளது. தென்னக ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்தது. புறநகர் மின்சார ரயில்களின் பெரிய சந்திப்பாக இருந்த இந்நிலையம், இப்போது சென்ட்ரல், எழும்பூருக்கு அடுத்து மாநகரின் மூன்றாவது முனையமாகவும் விளங்குகிறது.

கடற்கரை–தாம்பரம் பாதையை அன்றைய தென்னிந்திய ரயில்வே நிறுவனம் 1931-இல் மின்மயமாக்கியது. இந்தியாவில் மின்சாரம் பெற்ற முதல் மீட்டர் கேஜ் பாதை இதுவே. பம்பாயில் மின்சார ரயில் ஓடத் தொடங்கி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய ஒடுக்கமான வண்டிகளைப் பராமரிக்கத் தாம்பரத்திலேயே பணிமனை அமைந்தது. அன்று தாம்பரம் நகருக்கு வெகு வெளியே இருந்த சிற்றூர். காற்றோட்டத்தை நாடிக் காசநோய் சானடோரியம் 1928-இல் இப்பக்கம் வந்திருந்தது. அடுத்த நிலையத்தின் பெயரில் அது இன்றும் நிற்கிறது. 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டு இங்கே குடிபெயர்ந்தது. கைக்கெட்டும் தூரத்தில் மின்சார ரயில் இல்லாதிருந்தால் அந்த இடமாற்றம் அத்தனை எளிதாக இருந்திருக்காது.

1960-களில் பாதை 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கு மாறியது. பின்னர் அகலப்பாதை படிப்படியாக வந்தது. மீட்டர் கேஜ் மின்சார ரயில்கள் 2004 ஜூலையில் விடைபெற்றன.

புறநகர் வண்டிகள் வடக்கே கடற்கரைக்கும், தெற்கே செங்கல்பட்டுக்கும், அங்கிருந்து பிரிந்து காஞ்சிபுரம் வழியாகத் திருமால்பூர், அரக்கோணத்துக்கும் செல்கின்றன. 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை–செங்கல்பட்டுத் தடத்தில் 12 பெட்டிகள் கொண்ட ஏ.சி. மின்சார ரயிலும் ஓடுகிறது. தொடக்கத்தில் அதன் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியில் 5 ரூபாய்க்கே பழகியவர்களுக்கு அது பெரிய தொகைதான்.

தொலைதூரச் சேவைகளில் குறிப்பிடத்தக்கது, 2018-இல் தொடங்கிய அந்தியோதயா விரைவு ரயில். நாகர்கோவில் வரை செல்லும் இவ்வண்டியில் எல்லாப் பெட்டிகளும் முன்பதிவில்லாதவை. தீபாவளி, பொங்கல் நாள்களில் இதற்காகப் பையும் பிள்ளையுமாக நடைமேடையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால், முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே பாண்டியன், நெல்லை விரைவு ரயில்கள் நிரம்பிவிடுவதன் மறுபக்கம் தெரியும். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டபோது கொடியசைத்து அனுப்பப்பட்ட புதிய ராமேசுவரம் ரயிலுக்கும் தாம்பரமே மறுமுனை. ஹைதராபாத் செல்லும் சார்மினார் விரைவு ரயிலும் இங்கிருந்தே புறப்படுகிறது. தெற்கிலிருந்து அதிகாலையில் வந்து சேரும் வண்டிகளில், எழும்பூர் வரை காத்திராமல் இங்கேயே இறங்கி மின்சார ரயிலுக்கு மாறுவோர் ஏராளம்.

தண்டவாளம் ஊரைக் கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள், ரயிலேறும் எண்ணமே இல்லாமல் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்குகிறார்கள். மாலை நேரத்தில் அப்படிகளில் யார் பயணி, யார் வழிப்போக்கர் என்று பிரித்தறிய முடியாது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபின், தென் மாவட்டப் பேருந்துகளுக்குச் செல்வோரும் தாம்பரம் வரை மின்சார ரயிலில் வந்து மாநகரப் பேருந்துக்கு மாறுகின்றனர்.