எட்டு நாக்குகளின் நகரில் ஒன்பதாவது மொழி

மத்தியதரைக் கடலின் நடுவே, சிசிலித் தீவுக்குத் தெற்கே, மால்டா என்னும் சிறிய தீவுநாடு உள்ளது. அதன் தலைநகர் வலெட்டா. இருபுறமும் இயற்கைத் துறைமுகங்கள் அமைய, கடலுக்குள் நீண்டு செல்லும் பாறைமேட்டின்மீது எழுந்த அந்நகரின் பரப்பு ஒரு சதுரக் கிலோமீட்டருக்கும் குறைவு. நகரவாயிலில் நுழைபவர் விரைந்து நடந்தால் அரை மணி நேரத்திற்குள் மறுமுனையிலுள்ள புனித எல்மோ கோட்டையை அடைந்துவிடலாம். பணி ஓய்வு பெற்றபின் ஒரு விடுமுறையில் நாம் அங்குச் சென்றோம். கோட்டைகளையும் கடலையும் காணச் சென்ற நம்மை முதலில் நிறுத்தியவை தெருப்பெயர்ப் பலகைகளே. மொழியியலைத் தொழிலாகக் கொண்டவர்க்கு விடுமுறையிலும் அத்தொழில் ஓய்வு தருவதில்லை.

நகரின் முதன்மைத் தெருவை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அது இத்தாலிய மொழியில் 'ஸ்த்ராதா சான் ஜோர்ஜோ', அதாவது புனித ஜார்ஜ் தெரு. 1798ஆம் ஆண்டில் நெப்போலியனின் படை தீவைக் கைப்பற்றியதும் அது பிரெஞ்சு மொழியில் 'தேசியத் தெரு' ஆயிற்று. பிரிட்டிஷார் ஆட்சியில் மீண்டும் இத்தாலியப் பெயர் பெற்று 'ஸ்த்ராதா ரெயாலே' எனவும், பின்னர் ஆங்கிலத்தில் 'கிங்ஸ்வே' எனவும் வழங்கிற்று. மால்டா குடியரசான பிறகே அது 'த்ரீ இர்-ரெபுப்லிக்கா', குடியரசுத் தெரு, என்று அந்நாட்டு மக்களின் மொழியில் பெயர் பெற்றது. ஒரே தெருவுக்கு ஐந்து பெயர்கள். ஆள்பவர் மாறும்போதெல்லாம் பெயரும் மாறிற்று. தெருவில் நடந்தவர்களின் மொழி பலகையில் ஏறுவதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆயின. அது ஏன் அவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்தது? அதனையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

வலெட்டா போரின் விளைவாகப் பிறந்த நகரம். 1530ஆம் ஆண்டில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டாவைப் புனித யோவான் சபையின் வீரர்களுக்கு வழங்கினார். 1565இல் உதுமானியப் படை தீவை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. அடுத்த ஆண்டே, சபையின் பெருந்தலைவர் ழான் தெ வலெத் புதிய அரண்நகருக்கு அடிக்கல் நாட்டினார். அவர் பெயரே நகரின் பெயராயிற்று. பிரான்செஸ்கோ லாபரெல்லி என்னும் இத்தாலியப் பொறியாளர் தெருக்களைச் சதுரங்கக் கட்டங்களைப்போல் நேர்கோடுகளாக வகுத்தார். மால்டாவைச் சேர்ந்த ஜிரோலமோ கசார் அப்பணியைத் தொடர்ந்து நிறைவேற்றினார்.

அச்சபையின் அமைப்பு மொழி மாணவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து வந்த வீரர்கள் தம் தாயகத்தை ஒட்டி எட்டுப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர்: புரோவென்ஸ், ஓவெர்ன், பிரான்ஸ், இத்தாலி, அரகோன், இங்கிலாந்து, ஜெர்மனி, காஸ்தில். அப்பிரிவுக்கு அவர்கள் வழங்கிய பெயர் 'லாங்'. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு நாக்கு என்றும் மொழி என்றும் பொருள். எட்டாம் ஹென்றி மன்னர் ரோமைவிட்டுப் பிரிந்தபின் இங்கிலாந்து நாக்கு பெயரளவில் மட்டுமே நின்றது. ஏனைய ஒவ்வொரு நாக்குக்கும் வலெட்டாவில் ஒரு தங்குமாளிகை எழுந்தது. காஸ்தில் நாக்கின் மாளிகையில் இன்று பிரதமர் அலுவலகம் இயங்குகிறது. புரோவென்ஸ் நாக்கின் மாளிகையில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் உள்ளது. 1573 முதல் 1578 வரை கட்டப்பட்ட புனித யோவான் பேராலயத்தினுள்ளும் நாக்குகளுக்கெனத் தனித்தனிச் சிற்றாலயங்கள் உண்டு. தரை முழுவதும் பல வண்ணப் பளிங்கில் இழைத்த வீரர்களின் கல்லறைக் கற்கள். அவற்றில் பொறிக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் இலத்தீன்.

இத்தனை நாக்குகளுக்கு இடமளித்த நகரில், அத்தீவில் பிறந்தவர்களின் நாக்குக்கு மாளிகையும் இல்லை, சிற்றாலயமும் இல்லை. கல் சுமந்தவரும், படகு வலித்தவரும், கடைத்தெருவில் மீன் விற்றவரும் பேசிய மால்டிய மொழியே அந்த ஒன்பதாவது மொழி.

மால்டிய மொழி அரபுக் கிளையைச் சேர்ந்தது. கி.பி. 870இல் அரபியர் மால்டாவைக் கைப்பற்றினர். அதன்பின் சிசிலியிலும் மால்டாவிலும் வழங்கிய அரபு வழக்கே அதன் வேர். 1091இல் நார்மானியர் வந்தனர்; மக்கள் படிப்படியாகக் கிறித்துவராயினர்; ஆனால் மொழி மாறவில்லை. இன்றும் மால்டியக் கத்தோலிக்கர் இறைவனை 'அல்லா' என்றே அழைக்கின்றனர். தவக்காலத்தை அவர்கள் 'ரன்தான்' என்பர். அது 'ரமதான்' என்னும் சொல்லின் திரிபு. நம் நாட்டு மாணவர்க்கு இம்மொழி முற்றிலும் அந்நியமன்று. மலாய் மொழியில் திங்கட்கிழமை 'இஸ்னின்', மால்டிய மொழியில் 'இத்-த்னெய்ன்'. வியாழன் மலாயில் 'காமிஸ்', மால்டியத்தில் 'இல்-ஹமீஸ்'. மலாய் அச்சொற்களை அரபிலிருந்து கடனாகப் பெற்றது. மால்டியம் அவற்றை மரபுரிமையாகப் பெற்றது.

அதேவேளை, மால்டியச் சொற்களஞ்சியத்தின் ஏறத்தாழச் சரிபாதி சிசிலிய, இத்தாலிய மொழிகளிலிருந்து வந்தது. அவ்வாறாயின் அதை இத்தாலியக் கிளைமொழி எனக் கொள்ளலாமா? கூடாது. பள்ளிக்கு மால்டியத்தில் 'ஸ்கோலா' என்பது பெயர், இது கடன்சொல். அதன் பன்மையோ 'ஸ்கெய்யெல்'. சொல்லின் உள்ளே உயிரொலிகளை மாற்றிப் பன்மையாக்கும் இம்முறை, அரபில் 'கிதாப்' என்பது 'குதுப்' ஆவதைப் போன்றது. சொல் வெளியிலிருந்து வந்தது. அதை ஆள்வது உள்ளிருக்கும் இலக்கணம். இவ்வட்டாரத் தமிழர் 'பசாருக்குப் போனோம்' என்னும்போது 'பசார்' மலாய் வழியாக வந்த சொல். நான்காம் வேற்றுமை உருபு தமிழ். கடன்சொற்களைக் கண்டவுடன் மொழி அழிந்துவிட்டதாக அஞ்சுவோர், உருபுகள் நிலைத்துள்ளனவா என்பதையும் பார்த்தல் நலம்.

மால்டிய மொழி எழுத்தில் மிக அரிதாகவே பதிவாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டில் பியெத்ரு கஷாரு இயற்றிய இருபது அடிப் பாடல் ஒன்றே அம்மொழியில் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கியம். அதுவும் பத்திரப் பதிவாளர் ஒருவரின் ஏட்டில் குறித்து வைக்கப்பட்டு, 1966இல்தான் கண்டெடுக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் சில அறிஞர்கள் அம்மொழிக்காகக் குரல் கொடுத்தனர். 1750இல் அஜியுஸ் தெ சொல்தானிஸ் ஓர் இலக்கண நூலை வெளியிட்டார். அவருக்குப்பின் மிக்கியெல் அன்டோன் வசல்லி 1796இல் மால்டியம், இலத்தீன், இத்தாலியம் ஆகிய மும்மொழி அகராதியை வெளியிட்டு, அதன் முன்னுரையில் மால்டிய மக்கள் தம் மொழியைக் கற்க வேண்டும் என வாதிட்டார். அம்முன்னுரையை அவர் இத்தாலிய மொழியில் எழுத வேண்டியிருந்தது. கற்றவர்கள் வாசித்த மொழி அதுவே. மறு ஆண்டில் சபைக்கு எதிரான சதியில் பங்கு கொண்டதாக அவர் சிறையிடப்பட்டார். பின்னர் நெடுங்காலம் பிறநாடுகளில் வாழ்ந்து 1820இல் திரும்பினார். 1825இல் மால்டாப் பல்கலைக்கழகத்தில் மால்டிய மொழியின் முதல் பேராசிரியரானார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்விருவரும் மால்டியம் பினீசியரின் மொழியிலிருந்து வந்தது என நம்பினர். தொன்மைமிக்க பினீசியரின் வழித்தோன்றல் என்பது அக்காலத்தில் பெருமை தருவதாக இருந்தது. பிற்கால மொழியியல் அக்கருத்தை ஏற்கவில்லை. ஆயினும் அதனால் மால்டியத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை. வசல்லியின் வரலாற்றுக் கருத்து வீழ்ந்தது. அவர் தொகுத்த சொற்கள் நின்றன. தொன்மையைப் பேசுவதில் நமக்கும் ஆர்வம் மிகுதி. தமிழின் தொன்மைக்குச் சான்றுகள் உண்டு. அவற்றைப் போற்றுவதும் முறையே. எனினும் ஒரு மொழி நாளைக்கும் வாழ்வதற்குத் தொன்மை மட்டும் பொறுப்பேற்காது என்பதை மால்டாவில் தெளிவாகக் கண்டோம்.

பிரிட்டிஷார் ஆட்சியிலும் நெடுங்காலம் நீதிமன்றத்தின் மொழி இத்தாலியமாகவே இருந்தது. இத்தாலியம் அறியாத ஏழைக் குடியானவர், தம்மீது சாட்டப்பட்ட குற்றம் என்ன என்பதைக்கூடப் பிறர் சொல்லியே அறியும் நிலை. மால்டியத்தைச் 'சமையற்கட்டின் மொழி' என இகழ்ந்தோரும் உண்டு. இத்தாலியத்தின் செல்வாக்கைக் குறைக்க விரும்பிய ஆட்சியாளர் மால்டியத்தை ஓரளவு ஊக்குவித்தனர். அது மொழிப்பற்றால் அன்று. ஆனால் அவ்வாய்ப்பு வந்தபோது மக்கள் ஆயத்தமாக இருந்தனர் என்பதே முக்கியம். 1920இல் மால்டிய எழுத்தாளர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். பலரும் பலவாறு எழுதிவந்த மொழிக்கு 1924இல் ஒழுங்கான நெடுங்கணக்கையும் எழுத்துமுறையையும் வகுத்து வெளியிட்டனர். ரோம எழுத்துகளின் மேல் ஒரு புள்ளி, குறுக்கே ஒரு கோடு எனச் சில குறிகளைச் சேர்த்துத் தம் ஒலிகளுக்கு இடம் தேடினர். புள்ளியின் அருமையைத் தமிழ் மாணவர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அதுவரை இத்தாலியத்தில் எழுதிப் புகழ்பெற்ற துன் கார்ம் என்னும் பாதிரியார் மால்டியத்துக்கு மாறினார். நாட்டுப்பண்ணை இயற்றியவரும் அவரே. 1934இல் மால்டியம் அதிகாரத்துவ மொழியாயிற்று, நீதிமன்றத்திலும் நுழைந்தது. 1964இல் நாடு விடுதலை பெற்றபோது, அரசமைப்பு மால்டியத்தைத் தேசிய மொழியாகவும், மால்டியத்தையும் ஆங்கிலத்தையும் அதிகாரத்துவ மொழிகளாகவும் ஏற்றது.

2004ஆம் ஆண்டு மே மாதம் மால்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் வாழும் நாட்டின் மொழி, ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளுக்கு நிகராக ஒன்றியத்தின் அதிகாரத்துவ மொழியாயிற்று. உரிமை கிடைத்தது, ஆனால் ஆள் கிடைக்கவில்லை. சட்டங்களை எல்லாம் மால்டியத்தில் பெயர்க்கப் போதிய மொழிபெயர்ப்பாளர் இல்லாமையால், அக்கடமையிலிருந்து முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. அக்காலத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். 2005இல் மால்டிய மொழிக்கான தேசிய மன்றமும் அமைக்கப்பட்டது. புதிய கடன்சொற்களை எவ்வாறு எழுதுவது என்பதுபோன்ற சிறு சிக்கல்களை அம்மன்றம் பொறுமையாகத் தீர்த்து வருகிறது.

சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. அவ்வுரிமையை முன்னோர் நமக்குப் பெற்றுத் தந்தனர். ஆனால் பெயர்ப்பலகையில் தமிழ் இடம்பெறுவது ஒன்று. அதைப் பிழையின்றி எழுதவும், பிழை நேர்ந்தால் கண்டறிந்து திருத்தவும் வல்லவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் இருப்பது வேறொன்று. முன்னது சட்டத்தால் அமைவது. பின்னது வகுப்பறையில், ஓர் ஆசிரியர் ஒரு மாணவரின் கட்டுரையைத் திருத்தும் மேசையில் அமைவது.

வலெட்டாவிலிருந்து புறப்படும் நாளில் மேல் பராக்காத் தோட்டத்தில் நின்று பெருந்துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தாலிய நாக்கைச் சேர்ந்த வீரர்கள் ஓய்வெடுத்த இடம் அது. அருகில் ஒரு மூதாட்டி தம் பேரனிடம் பேசிக்கொண்டிருந்தார். அப்பேச்சில் நமக்குப் புரிந்த சொல் ஒன்றே ஒன்று: 'இல்-பெல்ட்'. நகரம் என்று பொருள். மால்டியர் தம் தலைநகரைப் பெருந்தலைவரின் பெயரால் அழைப்பது குறைவு. 'நகரம்' என்றே சொல்வர். பேரன் ஆங்கிலத்தில் விடையளித்தான். பாட்டி மறுபடியும் மால்டியத்திலேயே கேட்டார். சற்றுத் தயங்கி அவனும் மால்டியத்தில் பதில் சொன்னான்.