வீட்டோடு போன நடை: இவானுமா முதியோர் ஆய்வை முன்வைத்து

பேரிடருக்குப் பின் முதியவர்களின் உடல்நலம் சரிவதற்கு அதிர்ச்சியையும் துக்கத்தையுமே காரணமாகச் சொல்லிவருகிறோம். அது போதாது என்பதற்கு ஜப்பானின் மியாகி மாகாணத்துக் கடலோர நகரமான இவானுமா வலுவான சான்று தருகிறது. 2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை அந்நகரின் ஏறத்தாழ பாதி நிலத்தை மூழ்கடித்தது. அதற்கு ஏழு மாதம் முன்புதான் 65 வயதைக் கடந்தவர்களிடம் ஒரு நலக் கணக்கெடுப்பு நடந்திருந்தது. ஆகவே பேரிடருக்கு முந்தைய வாழ்க்கையைப் பிழைத்தவர்களின் நினைவிலிருந்து கேட்டுப் பதியும் நிலை ஆய்வாளர்களுக்கு நேரவில்லை.

அந்தக் கணக்கெடுப்பில் பங்கேற்றவர்களில் 3,594 பேரை 2013இல் மீண்டும் சந்தித்துத் திரட்டிய தரவுகளை ஹிரோயுகி ஹிகிச்சி குழுவினர் 2016இல் வெளியிட்டனர். வீட்டை இழந்தவர்களின் அறிவாற்றல் கூடுதலாகச் சரிந்திருந்தது. உறவினரையோ நண்பரையோ பறிகொடுத்ததற்கும் இந்தச் சரிவுக்கும் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. சாவைவிட வீட்டிழப்பு கொடியது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வீடு போகும்போது அண்டை அயலாருடன் பேசிப் பழகுவதும் அற்றுப்போகிறது. சரிவின் ஒரு பகுதி அந்த வழியாகவே வந்தது.

முதியவர்களின் நலப் பழக்கங்களில் பெரும்பாலானவற்றை யாரும் உடற்பயிற்சி என்று எண்ணிச் செய்வதில்லை. தோட்டத்தில் களை பிடுங்குவார்கள், நாலு வீடு தள்ளிப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவார்கள். பேரிடருக்குப் பின் தங்கும் முகாமில் இவற்றுக்கு இடமே இல்லை. கழிப்பறை குளிரில், வெளியே, வரிசையில் நின்று போக வேண்டிய தூரத்தில் இருந்தால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். அதனால் கால் சிரைகளில் இரத்தம் உறையக்கூடும். சமையலையும் துப்புரவையும் தன்னார்வலர்கள் பரிவோடு ஏற்றுக்கொள்ள, பெரியவருக்கு எழுந்திருக்கவே காரணம் இல்லாமல் போகிறது. ஊரே துயரத்தில் இருக்கையில் உலாவப் போவது முறையா என்ற கூச்சம் வேறு. இப்படிச் செயலின்றிக் கிடப்பதால் வரும் தளர்ச்சிக்கு ஜப்பானிய மருத்துவர்கள் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின் தற்காலிக வீடுகளில் முதியவர்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். ஆனால் தெரிந்த முகமே இல்லாத குடியிருப்புகளில் அவர்கள் தனித்தனியே போய்ச் சேர்ந்தார்கள். யாரும் அறியாமல் இறந்துகிடந்தவர்களைப் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்தன. இவானுமாவில் அக்கம்பக்கத்தார் சேர்ந்தே இடம்பெயரவும் வழி செய்யப்பட்டது. அப்படிச் சென்றவர்களிடம் பிறரோடு பழகுவதும் பொதுவாழ்வில் பங்கேற்பதும் கூடின. தனியே சென்றவர்களிடம் குறைந்தன. சேர்ந்து போனவர்கள் இயல்பிலேயே கலகலப்பானவர்களாக இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பேரிடருக்கு முந்தைய பதிவுகள் கையில் இருந்ததால் அந்த வேறுபாட்டையும் கணக்கில் கொள்ள முடிந்தது.

உணவு விஷயத்திலும் புதிய இருப்பிடத்தின் சுற்றுப்புறம் தாக்கம் செலுத்தியது. இடம்பெயர்ந்தபின் பேரங்காடியும் துரித உணவகமும் மதுக்கூடமும் வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டவர்களுக்கு உடல் பருமனாகும் வாய்ப்பு கூடியது. உப்பைக் குறையுங்கள், நடங்கள் என்று துண்டறிக்கை கொடுப்பதால் இதைத் திருத்த முடியாது. தற்காலிகக் குடியிருப்பை எங்கே அமைப்பது, யாருக்குப் பக்கத்தில் யாரைக் குடியமர்த்துவது என்று முடிவெடுக்கும் கூட்டத்திலேயே முதியோர் மருத்துவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.