சேப்பாக்கம் அரண்மனையின் கணக்கு

சென்னைக் கடற்கரைச் சாலையில் நேப்பியர் பாலத்தைக் கடந்து தெற்கே வருகிறவர்கள், பல்கலைக் கழகக் கட்டடங்களை அடுத்து எழிலகத்தையும் பொதுப்பணித் துறை அலுவலகத்தையும் காண்பார்கள். அவற்றின் பின்னே, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓர் அரண்மனை மறைந்து நிற்பதை அறிந்தவர் சிலரே. கலச மகால், ஹுமாயூன் மகால் என்னும் இரு மாளிகைகளும், இடையே உயர்ந்த ஒரு கோபுரமும் கொண்டது சேப்பாக்கம் அரண்மனை. அண்மை ஆண்டுகளில் இதனைச் செப்பனிட அரசு பல கோடி ரூபாய் செலவிட்டிருக்கிறது. "பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் போதாத நாட்டில், மறைந்துபோன நவாபின் மாளிகைக்கு இத்தனை செலவு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால், அம்மாளிகை முதலில் எவர் பணத்தில் எழுந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இதற்கு விடை கூற இயலும்.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, கும்பினியாரின் கோட்டைக்குள்ளேயே தமக்கு ஓர் அரண்மனை அமைத்துக்கொள்ள விரும்பினார். அது கைகூடாமற் போகவே, கோட்டைக்குத் தெற்கே சேப்பாக்கத்தைத் தேர்ந்தார். 1768-இல் அரண்மனை எழுந்தது. அதனைக் கட்டியவர் கும்பினியின் பொறியாளராக இருந்த பால் பென்ஃபீல்டு என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பென்ஃபீல்டின் புகழ், கட்டடக் கலையினும் வட்டித் தொழிலாலேயே மிகுதியாகப் பரவியது. நவாபுக்குப் பெருங்கடன் கொடுத்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

அக்கடன் வளர்ந்த வகை விந்தையானது. நவாபின் பகைவரை அடக்கக் கும்பினி படை அனுப்பும். படைச்செலவை நவாபிடம் கேட்கும். கையில் பணமில்லாத நவாப், அதே கும்பினியின் உத்தியோகஸ்தர்களிடம் உயர்ந்த வட்டிக்குக் கடன் வாங்குவார். கடனுக்கு ஈடாகச் சீமைகளின் நிலவரி வருவாயை எழுதிக் கொடுப்பார். வட்டிக்கு வட்டி ஏறியது, வரியும் ஏறியது. பிறகு தஞ்சையின் விளைச்சலே கடனுக்குப் பிணையாயிற்று. தஞ்சை அரசரை மீண்டும் அரியணையில் அமர்த்திய கவர்னர் பிகட் பிரபு, பென்ஃபீல்டின் உரிமைக் கோரிக்கையை ஏற்க மறுத்தார். அதையொட்டி எழுந்த பூசலில், 1776-இல் தம் சபையினராலேயே சிறைப்பட்டு, மறு ஆண்டு காவலிலேயே இறந்தார். 1785-இல் இக்கடன்களைக் குறித்து எட்மண்ட் பர்க் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் கடுமையாகப் பேசினார். ஆராயாமலே இவற்றை ஏற்றுக்கொண்ட அமைச்சரவையை அவர் சாடினார். 1801-இல் கருநாடகத்தின் ஆட்சியைக் கும்பினியே எடுத்துக்கொண்டது. பின்னர், எஞ்சிய கடன் கோரிக்கைகளைப் பல்லாண்டு ஆராய்ந்த விசாரணைக் குழு, அவற்றுள் மிகப் பெரும்பகுதி செல்லாதவை எனத் தள்ளியது. 1855-இல் கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி இறந்தார். அவர் கடன்களைத் தீர்க்கும்பொருட்டு அரண்மனை ஏலத்துக்கு வந்தபோது, சென்னை அரசே அதனை வாங்கிக்கொண்டது.

ஆக, மாளிகையில் வாழ்ந்தவர் நவாப். வட்டியால் செழித்தவர் கும்பினி உத்தியோகஸ்தர். அந்நாளைய கடன்களுக்கெல்லாம் இறுதியில் ஈடு கொடுத்தவன் ஆர்க்காட்டுச் சீமையிலும் தஞ்சையிலும் ஏர் பிடித்த உழவன். இது நவாபின் சொத்து, நமக்கென்ன என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. நம் முன்னோர் விலை கொடுத்த பொருள் இது. அவர்களைக் கேட்டு எவரும் அந்த விலையை நிர்ணயிக்கவில்லை என்பது வேறு.

இனி இன்றைய செலவைப் பார்ப்போம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய கட்டடம் இது. தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களை அடுக்கிச் சுண்ணாம்பால் பிணைத்த 'மெட்ராஸ் டெரஸ்' தளங்கள் இதன் மேற்கூரை. இத்தகைய கட்டடம் ஆண்டுதோறும் சிறிது கவனிப்பை வேண்டும். மழைக்கு முன் தண்ணீர்க் குழாய்களைத் துப்புரவு செய்யவேண்டும். சுவரில் முளைத்த அரசங்கன்றை வேர் விடுமுன் களையவேண்டும். உதிர்ந்த காரையைச் சுண்ணாம்பாலேயே பூசவேண்டும். சிமெண்டைப் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். ஒரு கொத்தனாரும் இரண்டு ஆட்களும் செய்யக்கூடிய இவ்வேலையைத் தள்ளிப்போட்டால், கூரை ஒழுகும், உத்தரம் உளுக்கும், தளம் சரியும். ஹுமாயூன் மகாலுக்கு நேர்ந்த கதி இதுவே.

கலச மகாலின் துன்பம் வேறு வகையானது. அரசு அலுவலகங்கள் நிறைந்திருந்த அம்மாளிகையில் 2012 ஜனவரியில் தீப்பிடித்தது. பழைய மரமும் காகிதக் கட்டுகளும் எரிந்து கூரை வீழ்ந்தது. தீயை அணைக்கச் சென்ற வீரர் ஒருவர் உயிரிழந்தார். அந்த இழப்பை எந்தப் பேரேட்டில் எழுதுவது? இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது; முடிவில் புதுப்பித்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு அது இடமாயிற்று. ஹுமாயூன் மகாலையும் பொதுப்பணித் துறை சுண்ணாம்பும் தேக்கும் கொண்டே பழைய முறையில் எடுத்துக் கட்டியது.

இக்கோடிகளைப் பழைமையின் விலை என்று எண்ணுவது பிழை. பெரும்பகுதி, புறக்கணிப்பின் விலை. சிறு தொகையாக ஆண்டுதோறும் செலுத்தாத கடன், வட்டியும் முதலுமாக ஒரே நாளில் நம் தலையில் விழுந்தது. நவாபின் பிழையும் இதுவேயன்றோ?

பழைய கட்டடம் அனைத்தையும் காப்பாற்ற எந்த அரசாலும் இயலாது. காப்பதென்று முடிவு செய்தவற்றுக்கேனும் இரண்டு கடமைகள் உண்டு. பராமரிப்புக்கென ஆண்டுதோறும் சிறு தொகை தவறாமல் ஒதுக்குவது ஒன்று; செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கை மக்கள்முன் வைப்பது மற்றொன்று. ஒளிக்கப்பட்ட கணக்குகளால் சீரழிந்த அரசின் மாளிகை அது. இனியேனும் அதன் கணக்கு வெளிச்சத்தில் இருக்கட்டும். அன்று விலை கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதன் வாயிலில் தயக்கமின்றி நுழையட்டும்.