படத்துக்கா, பாட்டுக்கா? – ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையரின் கதை

ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "படம் பார்க்கவா, பாட்டு கேட்கவா?" என்பதுதான். சினிமா வேறு, இசை வேறு என்று இருக்கும் நாடுகளில் இதற்குப் பதில் சொல்வது சுலபம். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. இங்கே பெரும்பாலானோர் கேட்கும் பாட்டே சினிமாப் பாட்டுதான்! பிறகு ஏன் ஒரு பெட்டி படத்துக்கு நன்றாகவும் பாட்டுக்குச் சுமாராகவும் இருக்கிறது? விடை அந்தப் பெட்டியின் வரலாற்றில் இருக்கிறது.

இரண்டு சேனல் வந்த கதை

முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' சென்னையில் வெளியானது 1931ல். அன்றைய தியேட்டர்களில் ஒலி ஒரே சேனல்தான், அதாவது மோனோ. அதே 1931ல் இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர் ஸ்டீரியோ ஒலிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். திரையில் நடிகர் இடமிருந்து வலமாக நடந்தாலும் குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறதே என்ற எண்ணமே அதற்குத் தூண்டுதல் என்பார்கள்.

ஆக ஸ்டீரியோவை யோசிக்க வைத்தது சினிமா. ஆனால் அதை வீடுகளுக்குக் கொண்டு வந்தது இசைத்தட்டு! 1958 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்தன. வீட்டு ஆம்ப்ளிஃபையருக்கு இடது, வலது என்று இரண்டு சேனல் அமைந்தது அதனால்தான்.

தமிழில் ஸ்டீரியோ முறையில் பாடல்கள் பதிவான முதல் படம் என்று இளையராஜாவின் 'ப்ரியா' (1978) சொல்லப்படுகிறது. ஒரு வேடிக்கை பாருங்கள். ஊரில் இருந்த பெரும்பாலான தியேட்டர்கள் அப்போதும் மோனோதான். ஸ்டீரியோ ஒலியை ரசிகர்கள் கேட்டது ரெக்கார்டிங் சென்டர்களிலும், டீக்கடைகளிலும், வீட்டு டேப் டெக்கிலும்தான். வெளிநாட்டு செட் வாங்க வசதியில்லாதவர்களுக்குச் சென்னை ரிச்சி தெரு இருந்தது. டிரான்ஸ்பார்மர், ஐசி, போர்டு, கேபினட் என்று தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையர்கள் பல வீடுகளில் பாடின.

ஐந்து சேனல் வந்த கதை

1970களின் மத்தியில் வந்த டால்பி ஸ்டீரியோ ஒரு தந்திரம் செய்தது. இடது, வலது, நடு, பின்பக்கம் என்ற நான்கு சேனல்களை மடித்து, ஃபிலிமின் ஓரத்தில் இருந்த இரண்டே டிராக்குகளில் அடக்கியது. அந்தப் படங்கள் வீடியோ கேசட்டாக வந்தபோது, மடித்த நான்கும் அந்த இரண்டு டிராக்குக்குள் அப்படியே இருந்தன! அதைப் பிரிக்கும் டிகோடர் இருந்தால் வீட்டிலும் சரவுண்ட் கேட்கலாம். 1982ல் டால்பி சரவுண்ட் வீட்டுக்கு வந்தது. 1987ல் வந்த புரோ லாஜிக் வசனத்துக்கென்று நடு சேனலையும் சேர்த்தது. இன்றைய ஏவி ரிசீவரின் தாத்தா இதுதான்.

தமிழில் 1986ல் 'மாவீரன்' 70 எம்எம் திரையில் ஆறு டிராக் ஸ்டீரியோவுடன் வந்தது. அதை முழுமையாகக் கேட்க அதற்கான கருவி உள்ள தியேட்டர் வேண்டும். பிறகு 'குருதிப்புனல்' (1995) டால்பியிலும், 'கறுப்பு ரோஜா' (1996) டிடிஎஸ்ஸிலும் வந்தன. "அந்தத் தியேட்டர்ல டிடிஎஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டு டிக்கெட் வாங்கும் காலம் தொடங்கியது. இந்த மாற்றத்தின் முக்கியமான மனிதர்களில் ஒருவர், 2008ல் மறைந்த ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர். ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களிலும் படங்களின் ஒலிக்கலவையிலும் பணியாற்றி நான்கு முறை தேசிய விருது பெற்றவர்.

1996ல் ஜப்பானில் டிவிடி அறிமுகமானது. ஆனால் இங்கே பல வீடுகளில் நெடுநாள் ஓடியது விசிடிதான். விசிடியில் இருப்பது இரண்டு சேனல் மட்டுமே! 5.1 செட்டில் போட்டாலும் பின் ஸ்பீக்கரில் வந்தது பெட்டி தானாகத் தயாரித்த ஒலிதான்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

ஆடியோ சிடியில் இரண்டு சேனலுக்கு நொடிக்கு சுமார் 1,411 கிலோபிட் தகவல் உண்டு. டிவிடியின் டால்பி டிஜிட்டலிலோ ஆறு சேனலுக்கும் சேர்த்து அதிகபட்சம் 448 கிலோபிட். காதுக்கு எளிதில் தெரியாததைக் கழித்துச் சுருக்கியதால்தான் இது முடிந்தது. வெடிச் சத்தத்தில் குறை தெரியாது. வீணையிலும் வயலினிலும் தெரிய வாய்ப்பு அதிகம்.

பணமும் இடிக்கிறது. ஒரே விலையில் ஒரு பெட்டி இரண்டு சேனலுக்கும், இன்னொன்று ஐந்து சேனலுக்கும் செலவழித்தால், ஒவ்வொரு சேனலுக்கும் எவ்வளவு மிஞ்சும்? பாட்டுக்குச் சுமார் என்று தோன்றுவதன் ரகசியம் இதுதான்.

அடுத்தது வாட்ஸ். 2000களில் சின்னச் சின்ன பெட்டிகளின் மேல்கூட "5000 வாட்ஸ் பிஎம்பிஓ" என்று ஒட்டியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். பிஎம்பிஓ என்பதற்கு ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. அமெரிக்காவில் 1974லேயே ஆம்ப்ளிஃபையரின் சக்தியை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று அரசு விதி போட்டது. 2024ல் அதை இன்னும் இறுக்கியது. இங்கே ஏமாந்தது மாதத் தவணையில் செட் வாங்கிய குடும்பங்கள்தான்.

உண்மையில் 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற சுமார் பத்து மடங்கு சக்தி வேண்டும்!

தலைக்கு மேல் ஒலி

2012 டிசம்பரில் 'சிவாஜி 3டி' டால்பி அட்மாஸில் வந்தது. இந்திய மொழிப் படங்களில் அதுவே முதல். 2013ல் 'விஸ்வரூபம்' ஆரோ 3டி முறையில் வந்தது. ஒலி கூரையிலிருந்தும் இறங்கத் தொடங்கியது. 2014ல் வீட்டு ரிசீவர்களுக்கும் அட்மாஸ் வந்தது.

இன்று நாவலூர் ஏஜிஎஸ்ஸில் படம் பார்த்துவிட்டு, பக்கத்து அடுக்குமாடி வீட்டின் ஹாலில் அதே அனுபவம் வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அந்த ஹாலுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்!

எதைத் தேர்ந்தெடுப்பது?

வரலாறே வழி சொல்கிறது.

எம்.எஸ்.வி., கே.வி. மகாதேவன் காலத்துப் பாடல்கள் பெரும்பாலும் மோனோ. 80களின் இளையராஜா பாடல்கள் பெரும்பாலும் ஸ்டீரியோ. இவை இரண்டுக்கும் ஐந்து ஸ்பீக்கர் தேவையில்லை. இவற்றையே அதிகம் கேட்பவர்களுக்கு நல்ல ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் தரமான இரண்டு ஸ்பீக்கரும் போதும். ரிசீவர் இருந்தால் 'ஸ்டீரியோ' அல்லது 'டைரக்ட்' மோடில் கேட்கலாம். 'ஹால்', 'ஸ்டேடியம்' மோடுகள் பாடலில் இல்லாத எதிரொலியைச் சேர்ப்பவை.

90களின் பிற்பகுதிக்குப் பிந்தைய படங்களே முக்கியம் என்றால் ஏவி ரிசீவர்தான் சரி. அங்கே முதலில் பார்க்க வேண்டியது நடு ஸ்பீக்கர். வசனத்தில் பெரும்பகுதி அதில்தான் வருகிறது. "வசனமே புரியல, சண்டை மட்டும் காதைக் கிழிக்குது" என்ற வீட்டுப் புகாருக்குப் பெரும்பாலும் காரணம் மட்டமான நடு ஸ்பீக்கர்.

இரண்டும் வேண்டும் என்றால் ரிசீவர் வாங்கி, முன்பக்க இரண்டு ஸ்பீக்கருக்கும் நடு ஸ்பீக்கருக்கும் முதலில் பணத்தைப் போடலாம். பின் ஸ்பீக்கரும் சப் ஊஃபரும் பிறகு வரலாம். பிஎம்பிஓவை மறந்துவிட்டு ஆர்எம்எஸ் வாட்ஸ் கேளுங்கள். அது எத்தனை சேனல் ஒன்றாக ஓடும்போது அளந்தது என்றும் கேளுங்கள். இரண்டு சேனலில் அளந்துவிட்டு ஐந்தால் பெருக்கிச் சொல்வது இன்றும் உண்டு.

கடைக்குப் போகும்போது அடிக்கடி கேட்கும் பழைய பாட்டு ஒன்றையும், வசனம் நிறைந்த படக் காட்சி ஒன்றையும் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் போடும் வெடிகுண்டு காட்சியில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும்!