கனடியத் தம்பதியரின் ஓய்வுக்கால வருமானமும் வரியும்

கனடாவில் வேலையிலிருந்து ஓய்வு பெறும் கணவனும் மனைவியும் அரசு ஓய்வூதியங்களையும் தாங்கள் சேர்த்த பணத்தையும் எந்த வயதில், எந்த வரிசையில், யார் பெயரில் எடுப்பது என்று வகுத்துக்கொள்வதே ஓய்வுக்கால வருமானத் திட்டமிடல். இதன் சிக்கல் சட்டத்தின் அடிப்படையிலேயே இருக்கிறது. வீட்டுச் செலவு ஒன்று; வருமான வரிப் படிவம் இரண்டு. குடும்பத்தை ஒரே வரி அலகாகக் கொள்ளலாம் என்று கென்னத் கார்ட்டர் தலைமையிலான அரச ஆணையம் 1966ஆம் ஆண்டு அறிக்கையில் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. இன்றுவரை வரி தனித்தனி ஆளுக்குத்தான். விகிதமோ வருமானம் ஏற ஏற உயர்கிறது. ஆகவே மொத்த வருமானம் ஒன்றேயானாலும், ஒருவர் பெயரில் குவிந்தால் வரி அதிகம், இருவர் பெயரில் பரவினால் குறைவு. இந்த அளவுக்குப் பலருக்கும் தெரியும். ஆனால் பங்கீடு இருவருக்கிடையில் மட்டும் நடப்பதல்ல, ஆண்டுகளுக்கிடையிலும் நடக்க வேண்டியது. இருவரில் ஒருவர் இறந்தபின் மற்றவர் ஒற்றைப் படிவத்தோடு வாழப்போகும் ஆண்டுகளும் அதில் அடக்கம். அந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், ஆர்.ஆர்.எஸ்.பி எனப்படும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கின் பணத்தைக் கடைசிவரை தொடாதே என்ற வழக்கமான அறிவுரை பெரும்பாலான நடுத்தரத் தம்பதியருக்குப் பொருந்தாது.

வருமானம் வரும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1952இல் தொடங்கிய முதியோர் ஓய்வூதியமான ஓ.ஏ.எஸ், நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளைப் பொறுத்தது. 18 வயதுக்குப் பின் 40 ஆண்டு வாழ்ந்தவருக்கு முழுத்தொகை. 1966இல் தொடங்கிய கனடா ஓய்வூதியத் திட்டமான சி.பி.பி, வேலை செய்தபோது கட்டிய பங்களிப்பைப் பொறுத்தது. கியூபெக்கில் அதற்கு இணையான தனித் திட்டம் உண்டு. இவற்றுக்கு மேல் சிலருக்கு நிறுவன ஓய்வூதியம். தனிச் சேமிப்பில் இரண்டு வகை முக்கியம். 1957இல் வந்த ஆர்.ஆர்.எஸ்.பி போடும்போது வரி விலக்கு தரும், எடுக்கும்போது முழுத்தொகைக்கும் வரி கேட்கும். 2009இல் வந்த டி.எஃப்.எஸ்.ஏ அதற்கு நேர்மாறு: வரி கட்டிய பணத்தைப் போடுகிறோம், வளர்ச்சிக்கும் எடுப்புக்கும் வரி இல்லை, வரிப் படிவத்தில் அது வருமானமாகவே தோன்றாது. ஆர்.ஆர்.எஸ்.பி-யை 71 வயது நிறையும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் மூட வேண்டும். பெரும்பாலோர் அதை ரிஃப் எனப்படும் வருமான நிதியாக மாற்றுகிறார்கள். அதன்பின் ஆண்டுதோறும் ஒரு குறைந்தபட்சப் பங்கை எடுத்தே ஆகவேண்டும்: 72 வயதில் 5.40%, 80இல் 6.82%, 90இல் 11.92%, 95 முதல் 20%.

வருமானத்தைப் பகிர அரசு திறந்துவிட்ட பெரிய கதவு, 2006 அக்டோபரில் அறிவித்து 2007 வரி ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்த ஓய்வூதியப் பகிர்வு. தகுதியுள்ள ஓய்வூதிய வருமானத்தில் பாதிவரை துணையின் வருமானமாகக் காட்டலாம். பணம் கைமாற வேண்டியதில்லை. இருவரும் கையெழுத்திட்ட ஒரு படிவம் போதும். கணவருக்கு ஆண்டு வருமானம் 1,20,000 டாலர், அதில் நிறுவன ஓய்வூதியம் ஒரு லட்சம், மனைவிக்கு 30,000 என்று வையுங்கள். 2025இல் ஒருவரின் நிகர வருமானம் 93,454 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 15% அளவுக்கு ஓ.ஏ.எஸ் திருப்பிப் பிடிக்கப்படும். பகிராவிட்டால் கணவர் ஏறத்தாழ 3,980 டாலர் ஓ.ஏ.எஸ் இழப்பார். ஓய்வூதியத்தில் 45,000 டாலரை மனைவிக்குக் காட்டினால் இருவரும் 75,000இல் நிற்பார்கள். பிடிப்பு இல்லை, மேல் அடுக்கு வரியும் பெரிதும் குறையும்.

கதவு பெரியதானாலும் எல்லாம் அதன் வழியே போய்விடாது. நிறுவன ஓய்வூதியத்தை எந்த வயதிலும் பகிரலாம்; ரிஃப் வருமானத்தை அதைப் பெறுபவருக்கு 65 ஆன பிறகுதான். ஆர்.ஆர்.எஸ்.பி-யிலிருந்து நேரடியாக எடுக்கும் பணத்துக்குப் பகிர்வே கிடையாது. ஓ.ஏ.எஸ் பகிரப்படாது. சி.பி.பி-க்குத் தனி ஏற்பாடு. இருவரும் 60ஐத் தாண்டியிருந்து விண்ணப்பித்தால், சேர்ந்து வாழ்ந்த காலத்தில் ஈட்டிய பங்கு மட்டும் பிரித்துத் தரப்படும். 65க்கு முன்பே வருமானத்தைச் சமன்செய்ய விரும்புவோருக்குப் பழைய வழியான துணைவர் ஆர்.ஆர்.எஸ்.பி இன்றும் பயன்படுகிறது. அதிக வருமானமுள்ளவர் மற்றவர் பெயரில் போட்டு விலக்கைத் தான் எடுத்துக்கொள்வார். பணம் போட்ட ஆண்டிலோ அடுத்த இரண்டு ஆண்டுகளிலோ எடுத்தால் மட்டும் அது போட்டவரின் வருமானமாகவே கணக்கிடப்படும்.

இத்தனை வழியிருக்க ஆர்.ஆர்.எஸ்.பி பணத்தை 71க்கு முன்பே எடுத்து ஏன் வரி கட்ட வேண்டும் என்பது முதல் ஆட்சேபம். தள்ளிப்போட்ட வரி லாபம் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அத்தனை உறுதியாக இல்லை. ஒரு லட்சம் டாலர் பத்தாண்டில் இருமடங்காகிறது, வரி விகிதம் இன்றும் அன்றும் 30% என்று கொள்வோம். விட்டுவைத்தால் இரண்டு லட்சமாகி, வரி போக 1,40,000 கையில் வரும். இன்றே எடுத்து 30,000 வரி கட்டி, மிச்சம் 70,000ஐ டி.எஃப்.எஸ்.ஏ-யில் போட்டாலும் பத்தாண்டில் அதே 1,40,000. விகிதம் மாறாதவரை தள்ளிப்போட்டதால் ஒரு டாலரும் கூடவில்லை. பிந்தைய விகிதம் 40% ஆனால் விட்டுவைத்தவருக்குக் கிடைப்பது 1,20,000 மட்டுமே. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு காலம் தள்ளலாம் என்பதல்ல. எந்த ஆண்டில் விகிதம் தாழ்ந்திருக்கும் என்பது. சம்பளம் நின்றுவிட்டது, ஓ.ஏ.எஸ்-உம் சி.பி.பி-யும் இன்னும் தொடங்கவில்லை என்ற இடைக்காலந்தான் பெரும்பாலோருக்கு அந்தத் தாழ்ந்த ஆண்டுகள்.

டி.எஃப்.எஸ்.ஏ-யில் இடம் இல்லையென்றால் இந்த வாதம் தளரும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2009இல் 18 வயதைக் கடந்து, அன்றிலிருந்து கனடாவிலேயே வாழ்பவருக்கு 2025வரை சேர்ந்த இடம் 1,02,000 டாலர். தம்பதிக்கு அதில் இரு மடங்கு. ஒருவர் பணத்தை மற்றவருக்குக் கொடுத்து அவர் கணக்கில் போடச் செய்யலாம். அது கொடுத்தவரின் வருமானமாகத் திரும்பி வராது. இந்த இடம் நிரம்பியவர்கள் எடுத்த பணத்தைச் சாதாரண முதலீட்டுக் கணக்கில்தான் வைக்க வேண்டும். அங்கே வட்டிக்கு முழு வரி, மூலதன ஆதாயத்தில் பாதிக்கு வரி. அவர்களுக்குத் தள்ளிப்போடுவதில் உண்மையான மதிப்பு உண்டு. மேல் அடுக்கைத் தொடாத அளவுக்கு மட்டும் எடுத்தால் போதும்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கூர்மையானது: 65க்குப் பின் பகிர்வு இருக்கும்போது முதுமையில் விகிதம் ஏன் உயரும்? இருவரும் இருக்கும்வரை உயராமல் இருக்கலாம். இருவருக்கும் 80 வயது, தலைக்கு ஐந்து லட்சம் டாலர் ரிஃப் என்று கொள்வோம். குறைந்தபட்ச எடுப்பு ஒவ்வொருவருக்கும் 34,100 டாலர். 75 தாண்டியவருக்குரிய ஓ.ஏ.எஸ் சுமார் 9,600, ஒருவருக்கு சி.பி.பி 17,200, மற்றவருக்கு 8,000. ஆக ஒருவர் 61,000 அருகிலும் மற்றவர் 52,000 அருகிலும் நிற்கிறார்கள். பகிர்ந்தால் இருவருமே 2025இன் முதல் கூட்டாட்சி அடுக்கான 57,375க்குள் அடங்கிவிடுவார்கள். ஒருவர் இறக்கிறார். அவருடைய ரிஃப் வரியின்றித் துணைக்கு மாறுகிறது. அதைச் சலுகை என்றே எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பத்து லட்சமும் இப்போது ஒரே பெயரில். அதே 6.82% என்றாலும் குறைந்தபட்ச எடுப்பு 68,200. இறந்தவரின் ஓ.ஏ.எஸ் நின்றுவிடும். பிழைத்திருப்பவரின் சி.பி.பி, துணைவர் ஓய்வூதியம் சேர்த்தும், ஒருவருக்கான உச்ச அளவை ஒட்டியே நிற்கும். அதை 17,200 என்றே வைத்தாலும் மொத்தம் 95,000. குடும்ப வருமானம் குறைந்துவிட்டது, ஆனால் ஒற்றைப் படிவத்தில் அது ஓ.ஏ.எஸ் பிடிப்பின் எல்லையைத் தாண்டி நிற்கிறது. பகிர ஆளில்லை. 37,000 டாலருக்கு மேற்பட்ட தொகை 20.5% அடுக்கில் போய் விழுகிறது. முதியோருக்கான வயது வரிச் சலுகையும் பெரும்பாலும் கரைந்துவிடும். இவரும் இறந்தால் மிச்சமுள்ள ரிஃப் முழுவதும் அந்த ஒரே ஆண்டின் வருமானம். ஒன்டாரியோவில் 2025இல் 2,53,414 டாலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு டாலருக்கும் 53.53% வரி. பிள்ளைகளுக்கு மிச்சம் வைத்ததாக நினைத்துக்கொண்டு அதில் பாதியை அரசுக்கு எழுதிவைப்பது இப்படித்தான் நடக்கிறது.

60களில் ஆர்.ஆர்.எஸ்.பி-யை எடுத்துச் சாப்பிடுவதற்கு ஒரு கூடுதல் பலனும் உண்டு: அரசு ஓய்வூதியங்களைத் தள்ளிப்போட அது பாலமாகிறது. 65இல் மாதம் 1,000 டாலர் சி.பி.பி பெறக்கூடியவர் 60இலேயே கேட்டால் 640, 70வரை பொறுத்தால் 1,420. ஓ.ஏ.எஸ்-உம் 70வரை தள்ளினால் 36% கூடும். இரண்டும் விலைவாசியோடு உயர்பவை, ஆயுள் முழுதும் வருபவை. சீக்கிரம் இறந்துவிட்டால் எல்லாம் நட்டம்தானே என்று கேட்பது நியாயமே. மேற்சொன்ன கணக்கில், 65இல் தொடங்குவதை 70இல் தொடங்குவது எட்டிப்பிடிக்க ஏறத்தாழ 82 வயதாகும். தம்பதியர் கவனிக்காமல் விடும் நுணுக்கம் ஒன்றும் இதில் இருக்கிறது: ஒருவர் இறந்தபின் துணைக்குப் போகும் சி.பி.பி ஓய்வூதியம், 70வரை காத்திருந்து கூட்டிய தொகையை வைத்தல்ல, 65 வயதுக்குரிய தொகையை வைத்தே கணக்கிடப்படுகிறது. எனவே காத்திருப்பதன் பலன் காத்திருந்தவரின் சொந்த ஆயுளோடு சரி. இருவரும் ஒரே முடிவை எடுக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. உடல்நலம் நன்றாக இருக்கும் ஒருவர் தள்ளிப்போட, நலங்குன்றியவர் உடனே தொடங்குவது பல குடும்பங்களில் புத்திசாலித்தனம்.

வயது வித்தியாசமும் கணக்கில் வரவேண்டும். ரிஃப் தொடங்கும்போது குறைந்தபட்ச எடுப்பை இளையவரின் வயதைக் கொண்டு கணக்கிடும்படி கேட்கலாம். கணவருக்கு 72, மனைவிக்கு 65 என்றால் 5.40%க்குப் பதில் 4%. சீக்கிரம் எடுக்கச் சொல்லும் வாதத்துக்கு இது முரண்போலத் தெரியலாம். ஆனால் கட்டாயம் குறைந்தால் எடுப்பதற்குத் தடையில்லை. சந்தை சரிந்த ஆண்டில் விற்காமலிருக்கும் உரிமை கூடுதலாகக் கிடைக்கிறது. அதுபோலவே 65 நிறைந்ததும் ஆர்.ஆர்.எஸ்.பி-யின் ஒரு சிறு பகுதியை மட்டும் ரிஃப் ஆக்கி ஆண்டுக்கு 2,000 டாலர் எடுத்தால், அந்த 2,000க்குரிய ஓய்வூதியச் சலுகை கிடைக்கும். இருவரும் செய்யலாம், செய்யாமல் விடுபவர்களே அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது.

வருமானம் குறைந்த தம்பதியருக்கு மேலே சொன்ன அடுக்குக் கணக்கு உதவாது. அவர்களுக்கு ஓ.ஏ.எஸ்-உடன் சேர்த்து வழங்கப்படும் ஜி.ஐ.எஸ் உதவித்தொகை இருவரின் கூட்டு வருமானத்தைப் பார்க்கிறது. வரிக்குத் தனித்தனி ஆள், உதவிக்குக் குடும்பம் என்பது அரசுக்கு வசதியான முரண். ரிஃப் எடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் உதவித்தொகையில் சுமார் 50 சென்ட் போகும். அவர்கள் கட்டும் உண்மையான வரி அதுதான். டி.எஃப்.எஸ்.ஏ எடுப்பு இதில் சேராது. 1983க்குப் பிறகு நடுவயதில் டொராண்டோவுக்கும் மொன்றியலுக்கும் வந்து சேர்ந்த ஈழத்தமிழர் பலருக்கு இது நேரடியாகப் பொருந்தும். 35 வயதில் வந்தவருக்கு 65இல் ஓ.ஏ.எஸ் நாற்பதில் முப்பது பங்குதான், சி.பி.பி-யும் குறைவாகவே இருக்கும். அத்தகையோர் சிறு ஆர்.ஆர்.எஸ்.பி இருந்தால், ஜி.ஐ.எஸ் கணக்கில் வரும் ஆண்டுகளுக்கு முன்பே அதை எடுத்து முடித்து, தேவைக்கு மிஞ்சியதை டி.எஃப்.எஸ்.ஏ-யில் போடுவதே நல்லது.

அந்த டி.எஃப்.எஸ்.ஏ படிவத்தில் துணையைப் பயனாளி என்று எழுதுவதும் கணக்கின் அடுத்த உரிமையாளர் என்று எழுதுவதும் ஒன்றல்ல. கியூபெக் தவிர்த்த மாகாணங்களில் பின்னதை எழுதியிருந்தால், உரிமையாளர் இறந்த நாளிலிருந்து கணக்கு அப்படியே துணையுடையதாகி, இடைக்கால வளர்ச்சிக்கும் வரியில்லாமல் தொடரும். பயனாளி என்று மட்டும் இருந்தால் இறந்த நாளுக்குப் பின் வந்த வளர்ச்சி வரிக்குட்படும், பணத்தை மாற்றிக்கொள்ளக் கெடுவும் தனிப் படிவமும் வந்து சேரும்.