பற்றாசுக் கறையும் ஓசோன் படலமும்

பழைய வானொலிப் பெட்டி ஒன்றைத் திறந்து, அதன் மின்சுற்றுப் பலகையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளிபோல் மின்னும் பற்றாசுப் புள்ளிகள் தெரியும். அவற்றைச் சுற்றித் தேன் நிறத்தில், கண்ணாடி போன்ற ஒரு படிவு ஒட்டியிருப்பதையும் காண்பீர்கள். வானொலி பழுது பார்ப்பவரைக் கேட்டால், "அது பிளக்ஸ், சால்டர் வைக்கும்போது உருகி ஒட்டியது" என்று சொல்வார்.

நகக்கண் அளவுகூட இல்லாத இந்தக் கறையைக் கழுவ மனிதன் ஒரு திரவத்தைக் கையாண்டான். அத்திரவமோ ஆவியாகி, 20, 30 கிலோமீட்டர் உயரத்துக்குச் சென்று, பூமியைக் காக்கும் ஓசோன் படலத்தை அழிப்பதில் பங்கு கொண்டது. கறைக்கும் வானத்துக்கும் என்ன தொடர்பு? அத்தொடர்பு எப்படி அறுபட்டது? இதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

கறை எங்கிருந்து வருகிறது?

செம்புக் கம்பியின் மேல் காற்றுப் பட்டால், அதன் பரப்பில் மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டாகிறது. உருகிய பற்றாசு சுத்தமான செம்பின்மேல் பரவி ஒட்டும். ஆக்சைடின்மேல் தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நிற்கும். ஆகவே முதலில் ஆக்சைடை நீக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பொருளுக்கே இளக்கி, அதாவது பிளக்ஸ், என்று பெயர். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரத்தைத் தூவித் தேய்ப்பதும் இதற்காகத்தான்.

நவச்சாரம் ஒரு குளோரைடு உப்பு. ஆக்சைடை நன்றாக அகற்றும். மிச்சம் தங்கிவிட்டாலோ உலோகத்தை அரிக்கத் தொடங்கும். பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிவிடலாம். மெல்லிய மின்கம்பிகளை என்ன செய்வது? இதற்குப் பைன் மரப் பிசின் கைகொடுத்தது. பிசினைக் காய்ச்சி வடித்து டர்ப்பன்டைன் எண்ணெயைப் பிரித்தபின் எஞ்சும் திடப்பொருள் ரோசின் எனப்படும். இதில் உள்ள முக்கியப் பொருள் அபீட்டிக் அமிலம்.

ரோசினுக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. சூடாக்கினால் உருகி, அமிலமாக வேலை செய்து, ஆக்சைடைக் கரைக்கும். ஆறியதும் இறுகி, மின்சாரத்தைக் கடத்தாத படிவாகிவிடும். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகுகிறது. அந்த வெப்பத்தில் ரோசின் விழித்துக்கொள்கிறது; அறை வெப்பத்தில் உறங்கிவிடுகிறது. ஆகவே வானொலி செய்தவர்கள் அதைக் கழுவாமலே விட்டுவிட்டார்கள்.

இயந்திரம் வந்தது

ஆஸ்திரியாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பால் ஐஸ்லர் என்ற பொறியியலாளர், 1936-ஆம் ஆண்டுவாக்கில் அச்சிட்ட மின்சுற்றைப் பயன்படுத்தி ஒரு வானொலியைச் செய்து காட்டினார். கம்பிகளை ஒவ்வொன்றாக இணைப்பதற்குப் பதிலாக, மின்காப்புப் பலகையின்மேல் செம்புக் கோடுகளாகவே சுற்று அமைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இம்முறை வேகமாகப் பரவியது. 1949-இல் அமெரிக்க இராணுவத்தின் செய்தித் தொடர்புப் படையைச் சேர்ந்த பொறியியலாளர்கள், உறுப்புகளைப் பலகையில் செருகி, உருகிய பற்றாசில் தோய்த்து, எல்லா இணைப்புகளையும் ஒரே முறையில் முடிக்கும் வழியை உருவாக்கினர். 1950-களில், உருகிய பற்றாசை அலைபோல் எழுப்பி அதன்மேல் பலகைகளை நகர்த்திச் செல்லும் இயந்திரங்களும் வந்தன.

கையால் பற்றவைப்பவர் ஓர் இணைப்பு சரியாகப் பிடிக்காவிட்டால் மறுபடியும் சூடு காட்டுவார். இயந்திரம் அப்படிக் காத்திருப்பதில்லை. சில வினாடிகளுக்குள் நூற்றுக்கணக்கான இணைப்புகள் பிடித்தாக வேண்டும். வெறும் ரோசினுக்கு அவ்வளவு வேகம் கிடையாது. எனவே குளோரைடு, புரோமைடு தரும் ஊக்கிகளை அதனுடன் சேர்த்தார்கள். நவச்சாரத்தின் உறவினர்கள் மீண்டும் உள்ளே நுழைந்துவிட்டார்கள்!

ஊக்கிகளின் மிச்சம் காற்றிலுள்ள ஈரத்தில் கரைந்து அயனிகளாகப் பிரியும். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கிடையே மின்கசிவு உண்டாகும். ஒரு கோட்டிலிருந்து உலோகம் கரைந்து மறு கோட்டில் பெரணி இலைபோல் கிளைவிட்டு வளர்ந்து, இரண்டையும் இணைத்துக் குறுக்குச் சுற்றை உண்டாக்குவதும் உண்டு. வானொலியில் இது நேர்ந்தால் பாட்டு நிற்கும். விமானத்திலோ ஏவுகணையிலோ நேர்ந்தால் உயிர் போகும். ஆகவே கழுவியாக வேண்டும் என்பது இராணுவத்தின் உறுதியான விதியாயிற்று.

குறையில்லாத திரவம்?

எதனால் கழுவுவது? தண்ணீரில் ரோசின் கரையாது. ஆல்கஹாலில் கரையும், ஆனால் தீப்பிடிக்கும். கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலைக் கெடுக்கும். டிரைகுளோரோ எத்திலீனும் தொழிலாளர் உடலுக்குத் தீங்கானது. இந்நிலையில் சி.எப்.சி.-113 என்ற திரவம் ஒரு வரப்பிரசாதமாக வந்து சேர்ந்தது.

குளோரின், புளோரின், கார்பன் மூன்றும் சேர்ந்த சேர்மங்களே சி.எப்.சி.க்கள். 1928-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய குழுவினரும் குளிர்பதனப் பெட்டிக்காக இக்குடும்பத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர். 1930-இல் மிட்ஜ்லி ஒரு கூட்டத்தில் இவ்வாயுவை உள்ளிழுத்து, மெழுகுவர்த்தியின்மேல் ஊதி அதை அணைத்துக் காட்டினார். நஞ்சுமில்லை, தீயுமில்லை என்று மெய்ப்பிப்பதற்காக!

சி.எப்.சி.-113 சுமார் 48 பாகை செல்சியசில் கொதிக்கிறது. தொட்டியின் அடியில் கொதிக்கவிட்டால், காற்றைவிட ஆறு மடங்குக்கு மேல் கனமான ஆவி மேலே ஓடாமல் தொட்டிக்குள் தங்கும். குளிர்ந்த பலகையை அதில் இறக்கினால் ஆவி அதன்மேல் படிந்து, திரவமாகி, கறையைக் கரைத்துக்கொண்டு சொட்டும். பலகை சூடேறியதும் சொட்டுவது நிற்கும். அதை உலர்ந்த நிலையில் வெளியே எடுக்கலாம். மேலும், இதன் பரப்பு இழுவிசை நீரினுடையதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். 1980-களில் உறுப்புகள் சிறுத்துப் பலகையோடு ஒட்டி அமைந்தபோது, அவற்றின் அடியிலுள்ள நுண்ணிய இடுக்குகளிலும் இத்திரவம் எளிதாகப் புகுந்தது. ரோசினோடு உப்புகளையும் கரைக்க வேண்டி, மெத்தனால் போன்றவற்றைச் சிறிதளவு கலந்துகொண்டார்கள்.

அது எங்கே போயிற்று?

ஒரு செய்தியைக் கவனியுங்கள். குளிர்பதனப் பெட்டியில் சி.எப்.சி. குழாய்க்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கழுவும் திரவமாகவோ அது திறந்த தொட்டியில் இருக்கிறது. உலர்தல் என்பதே அது காற்றில் கலப்பதுதான். ஆகவே இவ்வாறு பயன்பட்டதில் பெரும்பகுதி வானத்துக்கே போயிற்று.

போன பின்? 1974-இல் மாரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 'நேச்சர்' இதழில் அதற்கு விடை எழுதினர். சி.எப்.சி. எதனோடும் வினைபுரியாததால் கீழ்க் காற்று மண்டலத்தில் அழிவதில்லை. மெல்ல மேலேறி அடுக்கு மண்டலத்தை அடைகிறது. அங்கே சூரியனின் புறஊதாக் கதிர் அதைப் பிளந்து குளோரின் அணுவை விடுவிக்கிறது. அந்த அணு ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்து, அதை வேறோர் ஆக்சிஜன் அணுவிடம் விட்டுவிட்டு, மறுபடியும் அடுத்த ஓசோனைத் தேடிச் செல்கிறது. இப்படி ஒரே குளோரின் அணு ஏறக்குறைய ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது. தொழிற்சாலையில் எந்தக் குணத்தைப் பாராட்டினார்களோ, அந்தக் குணமே வானத்தில் கேடாக முடிந்தது.

1978-இல் அமெரிக்கா தெளிப்பான் குப்பிகளில் சி.எப்.சி.யைத் தடை செய்தது. கழுவும் திரவத்துக்குத் தடை இல்லை. மின்னணுத் தொழில் வளர வளர அதன் தேவையும் ஏறியது. 1985-இல் ஜோசப் பார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்கிளின் ஆகிய பிரிட்டிஷ் அறிஞர்கள், அண்டார்க்டிகாவில் வசந்த காலத்தில் ஓசோன் பெரிதும் குறைந்துவிடுவதை வெளியிட்டனர். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரீல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சி.எப்.சி. உற்பத்தியைப் பாதியாகக் குறைப்பதே அதன் முதல் இலக்கு. பின்னர் அதை முழுவதும் நிறுத்துவதென்று முடிவாயிற்று.

விதியே தடையானது

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அமெரிக்க இராணுவத்தின் விதிகள் பல, "பலகை இந்த அளவுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும்" என்பதோடு நிற்கவில்லை. இன்ன பிளக்ஸ், இன்ன திரவம் என்று வழியையும் வகுத்திருந்தன. இராணுவத்துக்கு விற்காத தொழிற்சாலைகளும் அவற்றையே பின்பற்றின. வேறு திரவம் இருந்தாலும் பயன்படுத்த இடமில்லை.

அளக்கும் முறை இல்லாமலும் இல்லை. 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்று ஒரு சோதனையை வகுத்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 75 பங்கும் தூய நீர் 25 பங்கும் கலந்த திரவத்தில் பலகையை அலசி, அத்திரவம் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்ப்பார்கள். கரைந்த அயனிகளைச் சாப்பாட்டு உப்பின் எடையாகக் கணக்கிட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 1.56 மைக்ரோகிராமுக்கு மேற்படக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள்.

அப்படியானால் கேள்வியை மாற்றிக் கேட்கலாம் அல்லவா? எந்தத் திரவம் என்று கேட்பதை விட்டு, எவ்வளவு சுத்தம் என்று கேட்டால் போதும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், பாதுகாப்புத் துறை, மின்சுற்றுத் தொழிலோர் சங்கம் மூன்றும் சேர்ந்து இதையே செய்தன. ஒரே மாதிரிப் பலகைகளைச் சி.எப்.சி.-113 கலவையால் கழுவி அளந்தனர். அந்தச் சுத்தத்தை எட்டும் எந்த முறையும் ஏற்கத்தக்கது என்றனர். சோதித்தபோது, மாற்று முறைகள் சில சி.எப்.சி.யைவிட நன்றாகவே கழுவின!

ஆரஞ்சுத் தோலும் சோப்பும்

1988 ஜனவரியில் ஏ.டி. அண்டு டி. நிறுவனமும் பெட்ரோபெர்ம் நிறுவனமும் ஒரு புதிய திரவத்தை அறிவித்தன. அது டெர்ப்பீன் வகையைச் சேர்ந்தது. ஆரஞ்சுத் தோலின் மணத்துக்குக் காரணமான லிமோனீனும் அவ்வகையே. பைன் பிசினுக்கு இது உறவு என்பதால் ரோசினை எளிதில் கரைக்கும். பிறகு நீரால் அலசிவிடலாம். ஆனால் தீப்பற்றக் கூடியது. தக்க பாதுகாப்பு வேண்டும்.

மற்றொரு வழி சோப்பு. ரோசின் ஓர் அமிலம் அல்லவா? காரம் கலந்த வெந்நீர் பட்டால் அதுவே சோப்பாக மாறி நீரில் கரைந்துவிடும். ஏவுகணைகள் செய்யும் ரேதியான் நிறுவனத்தின் அறிவியலாளர்கள், சி.எப்.சி.யை முற்றிலும் விட முடியாது என்றே முதலில் எண்ணினர். பின்னர் மாற்று முறைக்கு மாறியபோது, பொருளின் தரம் உயர்ந்தது, செலவும் குறைந்தது.

கழுவத்தான் வேண்டுமா?

இன்னும் சிலர் ஒரு படி மேலே சென்று, கறையே விழாதபடி செய்தால் என்ன என்று கேட்டனர். பழைய பிளக்ஸில் திடப்பொருள் நூற்றுக்கு 25 முதல் 35 பங்குவரை இருக்கும். புதிய பிளக்ஸில் 2 முதல் 5 பங்குதான். ஊக்கியும் ஆடிப்பிக் அமிலம் போன்ற மென்மையான கரிம அமிலம். பெரும்பாலும் வெப்பத்திலேயே போய்விடும். எஞ்சுவது தீங்கற்றதா என்பதை 85 பாகை வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் நாள்கணக்கில் வைத்து, கோடுகளுக்கிடையே மின்தடையை அளந்து உறுதி செய்தார்கள். கனடாவின் நார்தர்ன் டெலிகாம் நிறுவனம் இவ்வழியில் சென்று 1992 தொடக்கத்துக்குள் சி.எப்.சி.-113-ஐக் கைவிட்டது. ஜப்பானின் சீகோ எப்சன் நிறுவனமும் 1993-க்குள் உலகெங்குமுள்ள தன் ஆலைகளில் அதை நிறுத்தியது. வளர்ந்த நாடுகளில் 1996-இலும், 1992-இல் ஒப்பந்தத்தில் சேர்ந்த இந்தியா உள்ளிட்ட வளரும் நாடுகளில் 2010-இலும் சி.எப்.சி. உற்பத்திக்கு முடிவு கட்டப்பட்டது.

கழுவுதல் அடியோடு மறைந்துவிடவில்லை. விண்வெளி, மருத்துவக் கருவிகளில் இன்றும் கழுவுகிறார்கள். நீங்கள் வீட்டில் பற்றவைப்பவரானால் ஒன்றை நினைவில் வையுங்கள். "கழுவ வேண்டாம்" என்று எழுதிய பிளக்ஸும் முழுதும் சூடுபட்டால்தான் தீங்கற்றதாகும். தாராளமாகத் தடவி, ஓரத்தில் சூடுபடாமல் விட்ட பகுதி அமிலமாகவே இருக்கும். அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தூரிகையும் கொண்டு துடைத்தெடுங்கள். அருகில் நெருப்பு வேண்டாம்.

ஓசோன் படலத்தின் கதை இன்னும் முடியவில்லை. சி.எப்.சி.-113 காற்றில் 90 ஆண்டுகள் அளவுக்கு நிலைக்கும். அதன் அளவு 1990-களின் நடுவில் உச்சத்தைத் தொட்டு, அதன்பின் மெல்லக் குறைந்து வருகிறது. அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன், 1980-இல் இருந்த நிலைக்கு 2066-ஆம் ஆண்டுவாக்கில் திரும்பும் என்று 2022-இல் வெளிவந்த உலக வானிலை அமைப்பின் மதிப்பீடு கூறுகிறது. இன்று பள்ளியில் படிக்கும் மாணவர் முதியவராகும் காலம் அது. முப்பது நாற்பது ஆண்டுகள் பலகைகளைக் கழுவிய திரவத்துக்கு வானம் செலுத்தும் விலை இவ்வளவு நீளமானது. ஆனால் அத்திரவம் இல்லாமல் தொழில் நடக்காது என்று சொன்னார்களே, அந்தத் தொழில் அதை விட்டொழிக்கச் சில ஆண்டுகளே போதுமானவையாக இருந்தன. இன்று நம்மால் விட முடியாது என்று நாம் சொல்லிக்கொள்ளும் பொருள்களையும் இந்தக் கண்கொண்டு ஒருமுறை பாருங்கள்.